தொலைவிலிருந்து கண் பார்க்கும் மருத்துவர்

கிராமத்துப் பாட்டி ஒருவருக்குப் பார்வை மங்குகிறது. கண் மருத்துவர் இருப்பதோ நகரத்தில். பேருந்துக் கட்டணம் மட்டுமா செலவு? துணைக்குச் செல்லும் மகனின் ஒருநாள் கூலியும் போகும். ஆகவே பயணம் தள்ளிப்போகிறது, கண்புரை முற்றிவிடுகிறது. இந்தத் தொலைவைக் குறைக்கத் தேனிப் பகுதியில் நடந்த முயற்சி ஒன்றைப் பார்ப்போம்.

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் மருத்துவர்கள் கிராமங்களில் முகாம்கள் நடத்தினர். ஆனால் முகாம் ஒருநாள் வந்து போவது. ஊர்தோறும் மருத்துவரை அமர்த்தவும் இயலாது. மருத்துவரின் குரலும் நோயாளியின் படமும் மட்டும் பயணம் செய்தால் போதாதா?

செயற்கைக்கோள் வழி செலவு மிகுந்தது. எனவே எரிக் புரூவர் தலைமையிலான பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீடுகளில் பயன்படும் மலிவான வை-ஃபை கருவியையே எடுத்துக்கொண்டனர். உயர்ந்த கோபுரங்களில் ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாக்களைப் பொருத்தினால் அதன் அலைகள் பல கிலோமீட்டர் செல்லும். ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒளியின் வேகத்தில் செல்லும் அலை 15 கி.மீ. கடக்க 50 மைக்ரோ செகண்டு ஆகும். பதில் திரும்ப மேலும் 50. வை-ஃபை கருவியோ, ஒரு செய்தித் துண்டை அனுப்பியபின் ‘கிடைத்தது’ என்னும் பதிலுக்காகச் சில பத்து மைக்ரோ செகண்டுகளே காத்திருக்கும். குறுகிய தொலைவுக்காக வகுத்த விதி அது! பதில் வருமுன்பே, செய்தி தொலைந்ததென்று கருதி மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும்.

ஆய்வாளர்கள் அந்த விதியை மாற்றினர். ஒரு முனை குறித்த நேரம் பேசும், மறுமுனை கேட்கும், பிறகு முறை மாறும். பதில்கள் மொத்தமாகச் செல்லும். கருவி அதேதான், மென்பொருள்தான் புதியது.

2006-ல் தேனியைச் சுற்றி 5 பார்வை மையங்கள் இவ்வாறு இணைந்திருந்தன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவர் திரையில் நோயாளியைக் கண்டு பேசுவார். அறுவை தேவைப்படுபவர் மட்டும் பயணம் செய்தால் போதும்.

அலைகளை வென்றபின் வேறொரு எதிரி வந்தது: ஏறி இறங்கும் மின்னழுத்தம். கருவிகள் பழுதாயின. ஒவ்வொரு முறையும் பெர்க்லியிலிருந்து ஆள் வர முடியுமா? உள்ளூர்ப் பணியாளர்களே பழுதைக் கண்டறியப் பழகினர். அதன் பிறகே இம்முறை நிலைத்தது. மாணவர்களே, கிராமத்தில் ஒரு புதுக் கருவி வந்தால் அதன் வேகத்தை மட்டும் கேளாதீர்கள். அது பழுதானால் அந்த ஊரில் யார் சரிசெய்வார் என்றும் கேளுங்கள்.