கைக்கு வந்த பணமும் கையில் நின்ற பணமும்

ஏப்ரல் மாதம் பிறந்தால் சிங்கப்பூரில் வருமான வரிக் கணக்கு காட்டும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். மாதச் சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்கு இது பெரிய தலைவலி அல்ல. சம்பள விவரத்தை நிறுவனமே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பிவிடுகிறது. டாக்சியோ தனியார் வாடகை காரோ ஓட்டிப் பிழைப்பவரின் நிலை வேறு. ஆண்டு முழுவதும் அவருக்குக் கட்டணமாக 72,000 வெள்ளி வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வருமானம் 72,000 வெள்ளியா? அல்லது கார் வாடகை, பெட்ரோல், தரகுத் தொகை எல்லாம் போக மிஞ்சியதா? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

வண்டிக்கு உரிமம், ஆளுக்குக் கணக்கில்லை

1880ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குக் கைரிக்‌ஷா வந்தது. வண்டிகள் பெருகவே, அவற்றுக்கு உரிமம் வழங்கவும் கட்டுப்படுத்தவும் 1888ல் தனி இலாகா அமைந்தது. நீல் ரோட்டில் இன்றும் நிற்கும் ரிக்‌ஷா நிலையக் கட்டடம் அந்தக் காலத்தின் சாட்சி. வண்டி இழுத்தவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். வண்டி அவர்களுக்குச் சொந்தமில்லை. முதலாளியிடம் வாடகைக்கு எடுத்து ஓடினார்கள். வாடகை கட்டிய பிறகு மிஞ்சிய சில்லறைதான் அன்றைய சோறு. அரசாங்கம் வண்டியைக் கணக்கெடுத்தது. இழுத்தவர் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு செலவழித்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. வருமான வரி என்ற ஒன்றே அப்போது இங்கு இல்லை.

முதல் உலகப் போரின் செலவை ஈடுகட்ட 1917ல் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் போர் வரி விதிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த வருமான வரி 1922க்குப் பிறகு நீடிக்கவில்லை. 1941ல் போர் வரி மறுபடியும் வந்தது. மறு ஆண்டே ஜப்பானியர் வந்துவிட்டனர். போர் முடிந்து கஜானா காலியாகக் கிடந்தபோது, வணிகர்களின் கடும் எதிர்ப்பையும் மீறி 1947ல் வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. 1948 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. கைரிக்‌ஷா தெருவிலிருந்து விலக்கப்பட்டதும் அதே 1947ல்தான். அதன் இடத்தை டிரைஷாவும் டாக்சியும் பிடித்துக்கொண்டன.

அந்தச் சட்டம் ஒரு முக்கியமான கொள்கையைக் கொண்டுவந்தது. வருமானம் ஈட்டுவதற்காகவே முழுமையாகச் செய்த செலவைக் கழித்துக்கொண்டு, மீதிக்குத்தான் வரி. இன்றும் அதுவே அடிப்படை. கைக்கு வந்த பணத்துக்கு அல்ல, கையில் நின்ற பணத்துக்கே வரி என்று இதைச் சொல்லலாம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் செலவை யார் நிரூபிப்பது?

கள்ள டாக்சிக் காலம்

1950களிலும் 60களிலும் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஆயிரக்கணக்கான கள்ள டாக்சிகள் ஓடின. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த காலம் அது. பழைய கார் ஒன்று கிடைத்தால் போதும், நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு சில்லறை வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். பேருந்துச் சேவை மோசமாக இருந்ததால் மக்களும் அவற்றை நம்பியிருந்தார்கள். உரிமம் இல்லாத தொழிலுக்குக் கணக்கும் இல்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கை கொடுக்காது.

1970ல் அரசாங்கம் போக்குவரத்துத் துறையைச் சீரமைக்கத் தொடங்கியது. டீசல் வாகனங்களுக்கு வரி உயர்ந்தது. கள்ள டாக்சி ஓட்டிப் பிடிபட்டவர்களின் உரிமம் முடக்கப்பட்டது. தடியை மட்டும் காட்டிவிட்டு நிற்கவில்லை. பிழைப்பை இழப்பவர்களுக்கு வழிகாட்ட, தொழிற்சங்கக் காங்கிரஸ் அதே ஆண்டு ‘கம்ஃபர்ட்’ கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது. தவணை கட்டி டாக்சியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வாய்ப்பு ஓட்டுநர்களுக்குக் கிடைத்தது. 1973க்குப் பிறகு தனிநபர்களுக்குப் புதிய டாக்சி உரிமம் வழங்கப்படவில்லை. 1993ல் கம்ஃபர்ட்டும் நிறுவனமாக மாறியது. நாளடைவில் பெரும்பாலான ஓட்டுநர்கள் நிறுவன டாக்சியை நாள் வாடகைக்கு எடுப்பவர்கள் ஆனார்கள். ரிக்‌ஷா காலத்து ஏற்பாடே வேறு உருவில் திரும்பி வந்தது. வித்தியாசம் ஒன்று: வாடகைக்கு இப்போது ரசீது இருந்தது. செலவுக்கு அது சான்று.

1992ல் உள்நாட்டு வருவாய் ஆணையம் உருவானது. சுயதொழில் செய்வோர் மெடிசேவ் கணக்கில் பணம் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் அதே ஆண்டில் வந்தது. செலவு போக மிஞ்சும் நிகர வருமானமே அதற்கும் அளவுகோல். வரிக்காக எழுதிய கணக்கு, அன்றிலிருந்து மருத்துவச் சேமிப்புக்கும் கணக்கானது.

கைப்பேசிக்குள் வந்த கணக்கு

2012ல் மலேசியாவில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் பிறந்த நிறுவனம்தான் பின்னாளில் ‘கிராப்’ ஆனது. 2013ல் அதுவும் ‘ஊபர்’ நிறுவனமும் சிங்கப்பூரில் சேவை தொடங்கின. டாக்சி அல்லாத கார்களும் கைப்பேசிச் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றலாயின. 2017ல் தனியார் வாடகை கார் ஓட்டுநர்களுக்கென்று தொழில் உரிமம் நடப்புக்கு வந்தது. 2018ல் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் விற்றுவிட்டு விலகியது.

செயலி வந்ததும் ஓட்டுநரின் வரவு காசு பிசகாமல் பதிவானது. செலவு அப்படிப் பதிவாகவில்லை. பெட்ரோல் ரசீது காரின் பெட்டிக்குள் கிடந்து மங்கியது. அதே காரில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டால், அந்த எரிபொருள் குடும்பச் செலவா, தொழில் செலவா? வரவு வெளிச்சத்தில், செலவு இருட்டில் என்ற நிலை.

இதற்கு விடையாக 2019 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் ஓர் எளிய வழி வந்தது. டாக்சி, தனியார் வாடகை கார் ஓட்டுநர்கள் மொத்த வரவில் 60 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். செலவு ரசீதுகளைக் காட்ட வேண்டியதில்லை. உண்மைச் செலவு அதைவிட அதிகம் என்றால், உரிய சான்றுகளோடு அந்தத் தொகையைக் கோரலாம். இரண்டில் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துக் கழிக்க முடியாது. எந்த வழியானாலும் போக்குவரத்து அபராதம் தொழில் செலவாகாது. நிறுவனம் தரும் ஊக்கத்தொகை வரவில் சேரும்.

முதலில் சொன்ன 72,000 வெள்ளிக்கு வருவோம். அதில் 60 விழுக்காடு 43,200 வெள்ளி. மிச்சம் 28,800. ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவருக்கான 1,000 வெள்ளி உழைப்பு வருமானக் கழிவு போக 27,800. முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. எஞ்சிய 7,800க்கு 2 விழுக்காடு. ஆக, கட்ட வேண்டியது 156 வெள்ளி. வேறு கழிவுகள் இருந்தால் இன்னும் குறையும். விவரம் தெரியாமல் 72,000 வெள்ளியையும் வருமானம் என்று எழுதிவிட்டால், அதே கணக்குப்படி வரி 2,720 வெள்ளி! ஒரே உழைப்பு, ஒரே கார். மாறியது கணக்கு மட்டுமே.

கணக்கு கை கொடுத்த ஆண்டு

இதற்கு மறுபக்கமும் உண்டு. வரிக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் லாபம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நினைப்பின் விலை 2020ல் தெரிந்தது. கொவிட்-19 பரவி ஊர் அடங்கியபோது பயணிகள் இல்லை, கட்டணம் இல்லை. வேலை இல்லை என்று கடிதம் கொடுக்க ஓட்டுநருக்கு முதலாளியும் இல்லை. சுயதொழில் செய்வோருக்கு அரசாங்கம் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதங்களுக்கான நிவாரணத்தை அறிவித்தது. ஏற்கெனவே சுயதொழில் வருமானத்தை ஆணையத்திடம் தெரிவித்திருந்து, மற்றத் தகுதிகளும் இருந்தவர்களுக்கு அது தானாகவே வந்து சேர்ந்தது. கணக்கில் இல்லாதவர்கள் விண்ணப்பம் எழுதித் தங்கள் தொழிலை நிரூபிக்க வேண்டியிருந்தது. சில நூறு வெள்ளி வரியை மிச்சம் பிடித்தவர்கள், 9,000 வெள்ளிக்காகச் சான்று தேடி அலையும் நிலைக்கு ஆளானார்கள். கூட்டி எழுதினால் வரியில் நட்டம். குறைத்து எழுதினால் ஆபத்துக் காலத்தில் ஆளே இல்லாத கணக்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

2025 ஜனவரி 1 அன்று இந்த வரலாற்றில் இன்னோர் அத்தியாயம் தொடங்கியது. முந்திய ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இணையத்தள ஊழியர்கள் சட்டம் அன்று நடப்புக்கு வந்தது. செயலி வழியாக வண்டி ஓட்டுபவர், சம்பள ஊழியருக்கும் முழுச் சுயதொழிலாளருக்கும் இடைப்பட்ட தனிப் பிரிவாக ஏற்கப்பட்டார். வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு உண்டு. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கூடுதல் மத்திய சேமநிதிச் சந்தா கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். நிறுவனமும் தன் பங்கைச் செலுத்துகிறது. கார் ஓட்டுபவரின் சந்தாவைக் கணக்கிடவும் அதே 60 விழுக்காடுதான் செலவாகக் கழிக்கப்படுகிறது. அதாவது, வரிக்கு உதவிய அளவுகோலே இப்போது வீட்டுக்கும் முதுமைக்குமான சேமிப்பையும் நிர்ணயிக்கிறது.

நீல் ரோட்டில் வாடகை வண்டியை இழுத்தவருக்கு முதுமைக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு இல்லை. அவர் எவ்வளவு உழைத்தார் என்பது அவருடைய கால்களுக்கு மட்டுமே தெரியும். இன்றைய ஓட்டுநருக்கு அந்தக் கதி வேண்டியதில்லை. நாள் முடிவில் வண்டியை நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி வரவையும் செலவையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். ரசீதுகள் மங்குமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். பதிவேடுகளை ஐந்தாண்டுகள் பத்திரப்படுத்தலாம். ஏப்ரல் 18க்குள் இணையம்வழிக் கணக்கு காட்டும்போது, படிவத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும் தொகை தம்முடைய நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபார்க்கலாம். அந்த நோட்டு, அவர் இந்த நாட்டில் உழைத்தார் என்பதற்கு அவரே எழுதிக்கொள்ளும் சான்றிதழ்.