மலை சுத்துறதும் கிரிவலமும்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் “கிரிவலம் எந்தப் பக்கம்?” என்றுதான் கேட்பார்கள். ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் வாயில் அந்தச் சொல் அவ்வளவாக வராது. “மலை சுத்தப் போறோம்” என்பார்கள். ரமணாசிரமத்துப் பழைய நூல்களைப் புரட்டினால் ‘கிரிப் பிரதட்சிணம்’ என்றிருக்கும். பாதை ஒன்றே, 14 கிலோமீட்டர். பெயர்தான் மூன்று.

மூன்றில் பாதி வடமொழியும் பாதி தமிழுமான சொல்தான் வென்றது. ‘மலை சுத்துறது’ சுவரொட்டிக்கு ஏறாது, கொச்சை. ‘பிரதட்சிணம்’ எல்லார் நாக்கிலும் புரளாது. ஐந்தே எழுத்தில் பேருந்துப் பலகையிலும் நாளிதழ்த் தலைப்பிலும் அடங்கிவிடுகிற ‘கிரிவலம்’ நிலைத்துவிட்டது. இது என் கணிப்புதான். ஆனால் கூட்டம் பெருகிய காலமும் இந்தச் சொல் ஊரெங்கும் பரவிய காலமும் ஒன்றாகவே இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

‘வலம்’ பழைய சொல். வலி, வலிமை, வல்லவன் எல்லாம் ‘வல்’ என்ற வேரின் கிளைகள். வலுவுள்ள கை வலக்கை. வெற்றிக்கும் வலம் என்றே பெயர். திருமுருகாற்றுப்படை தொடங்கும்போதே ஞாயிறு வலமாக எழுந்து வருகிறது. பிரதட்சிணத்தில் உள்ள ‘தட்சிண’மும் வலப்பக்கம்தான், கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு வலக்கைப் பக்கம் தெற்காக அமைவதால் அச்சொல் தெற்கையும் குறிக்கிறது. வணங்கும் பொருள் நம் வலப்பக்கம் இருக்கும்படி சுற்றிவருவது என்பதே இரண்டு சொற்களுக்கும் அடிப்படை. ‘ஊர்வல’த்தில் இந்தப் பொருள் என்றோ தேய்ந்துபோயிற்று. கட்சி ஊர்வலம் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரும் குறை சொல்வதில்லை. கிரிவலத்தில் மட்டும் வலம் இன்னும் வலமாகவே இருக்கிறது. எதிர்த்திசையில் நடந்து பாருங்கள், நான்கு பேராவது நிறுத்தித் திருத்துவார்கள். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களுக்கு உரியது, மனிதர்கள் சாலையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும் என்றும் ஒரு வழக்கு உண்டு. போக்குவரத்து விதியும் சித்தர்களும் ஒத்துப்போகும் இடம் இது.

சொல் ஒருபுறம் இருக்க, காரியமே மாறியிருக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்த ரமணர், பிற்காலத்தில் அன்பர்களோடு மலையைச் சுற்றியதைப் பற்றித் தாமே சொன்னவற்றை அவருடைய அடியவர் சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்களில் பதிந்திருக்கிறார். பாத்திரம், அரிசி எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். தோன்றிய இடத்தில் சமையல், மண்டபத்தில் உறக்கம். திரும்ப இரண்டு மூன்று நாள்கூட ஆகும். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்பது மரபு. அவர் போகிறார் என்றால் ஆசிரமமே காலியாகிக் கூடக் கிளம்பிவிடும் நிலை வந்ததும், 1926 வாக்கில் சுற்றுவதையே நிறுத்திவிட்டார்.

இப்போது சென்னையில் மதியம் ஏறி, மாலையில் இறங்கி, இந்திர லிங்கம், அக்னி லிங்கம் எனத் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டையும் கும்பிட்டு, நள்ளிரவுப் பேருந்தைப் பிடித்தால் காலையில் அலுவலகம் போய்விடலாம். அரசி அப்படி நடக்கமாட்டாள்! 1980களுக்குப் பிறகுதான் மாதந்தோறும் பௌர்ணமி என்றாலே திருவண்ணாமலை என்றாயிற்று. அதற்கு முன் பெருங்கூட்டம் கார்த்திகை தீபத்துக்குத்தான். இன்று மாதம் தவறாமல் ‘கிரிவலம் செல்ல உகந்த நேரம்’ நாளிதழில் வருகிறது. சிறப்புப் பேருந்துகளின் எண்ணிக்கையும் அதன் பக்கத்திலேயே வருகிறது. 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை–வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். மனை விளம்பரக்காரர்களுக்கோ ‘கிரிவலப் பாதைக்கு அருகில்’ என்பது சதுர அடி விலையை ஏற்றும் அடைமொழி. பழைய பழக்கம் நவீன வாழ்க்கையைத் தாக்குப்பிடித்து நிற்கிறது என்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை லட்சம் கால்களை இந்தப் பாதைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே டீசல்தான்.

டீசல் வந்து சேர்ந்த இப்படிப்பட்ட ஒரு சுற்று ஜப்பானின் ஷிக்கோகு தீவிலும் உண்டு. கூகாய் என்ற துறவியின் நினைவாக 88 கோயில்கள், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். எண் வரிசைப்படி போனால் தீவை வலமாகவே சுற்றி வருவோம். இந்த யாத்திரைக்கும் யாத்திரிகருக்கும் ‘ஹென்ரோ’ என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து எட்டே ஆண்டில், 1953இல், இயோ ரயில் நிறுவனம் இந்த வழியில் சுற்றுலாப் பேருந்து விட்டது. ஆறேழு வாரம் நடந்து முடிக்க வேண்டியதைப் பேருந்து அதைவிட மிகக் குறைந்த நாள்களில் முடித்தது. பின்னால் காரும் வந்தது. வெறும் ‘ஹென்ரோ’ என்றால் எப்படிப் போனார் என்று தெரியாமல்போகவே, நடப்பவர்களைப் பிரித்துச் சொல்ல ‘அருக்கி ஹென்ரோ’, அதாவது நடை ஹென்ரோ, என்ற பெயர் வழக்கில் ஊன்றிற்று. ஒரு காலத்தில் ஹென்ரோ என்றாலே நடைதான். இன்று நடப்பவருக்குத்தான் அடைமொழி வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலையில் வண்டி அடிவாரத்தோடு ஒதுங்கிக்கொண்டது. அதனால் ‘நடைக் கிரிவலம்’ என்று சொல்லும் தேவை இன்னும் வரவில்லை. முட்டி வலிக்காரர்களும் நேரமில்லாதவர்களும் பௌர்ணமி அல்லாத நாள்களில் ஆட்டோவில் சுற்றுவதுண்டு. ஆனால் அவர்கள் ‘கிரிவலம் போனேன்’ என்று சொல்லக் கொஞ்சம் கூசுகிறார்கள். “ஆட்டோல மலைய சுத்திட்டு வந்தோம்” என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் வெறுங்காலோடு நடந்து சொன்ன சொல், இப்படி மூன்று சக்கரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆட்டோக்காரர்களுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. தீபத்தை ஒட்டி ஒருமுறை, தை மாதத் திருவூடலில் அம்மனோடு பிணக்கு வந்து ஒருமுறை என்று அண்ணாமலையாரே ஆண்டுக்கு இரண்டு தடவை மலையை வலம் வருகிறார். “சாமியே நடந்தா போறாரு?” என்று கேட்டுவிட்டு மீட்டரைப் பற்றிப் பேசாமல் வண்டியைக் கிளப்புவார்கள்.