தொடாமல் அறிந்த கதை

1835-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மெய்யியலறிஞர் அகஸ்ட் கோம்ட் ஒரு தீர்ப்பு எழுதினார். விண்மீன்களின் தொலைவையும் இயக்கத்தையும் மனிதன் அளந்தறியலாம். அவை எப்பொருளால் ஆனவை என்பதை மட்டும் என்றுமே அறிய இயலாது என்பது அதன் சாரம். தொட முடியாத பொருளை ஆராய வழியேது என அவர் எண்ணினார் போலும்!

அத்தீர்ப்பு கால் நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. 1859-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பன்சனும் கிர்க்காஃபும், சூடேறி ஆவியாகும் ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய நிறக்கோடுகளை வெளியிடும் என நிறுவினர். மனிதனுக்குக் கைரேகை எவ்வாறோ, மூலகத்திற்கு நிறமாலை அவ்வாறு. கதிரவனில் சோடியமும் இரும்பும் உண்டென்பதை அக்கோடுகளே உணர்த்தின. 1857-இல் மறைந்த கோம்ட் இதனைக் காணவில்லை.

கதிரவன் தானே ஒளிர்வது. கோள்களின் மண்ணோ அத்தகையதன்று. அதனை ஒளிரச் செய்வது எங்ஙனம்? 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய லேசர் அதற்கு விடையாயிற்று. நுண்ணிய புள்ளியில் குவியும் லேசர்க் கதிர் அங்குள்ள மண்ணை நொடிப்பொழுதில் ஆவியாக்கி ஒளிரச் செய்யும்; அவ்வொளியைப் பகுத்தால் மூலகங்கள் புலப்படும். மண்ணில் பனி கலந்திருப்பின் ஹைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகளும் உடன் தோன்றும்.

இதன் அருமையை 2008-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று விளக்கும். செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய பீனிக்ஸ் கலம் குழி தோண்டியபோது வெண்கட்டிகள் தென்பட்டன; நான்கே நாள்களில் அவை ஆவியாகி மறைந்தன. பனியே அஃது! ஆயினும், அள்ளிய பனிமண் அகப்பையில் ஒட்டிக்கொண்டு ஆய்வு உலைக்குள் விழ மறுத்தது. லேசருக்கோ அள்ளும் தொல்லையே இல்லை. 2012 ஆகஸ்டு 19-ஆம் நாள் கியூரியாசிட்டி ஊர்தி பத்து நொடிகளில் 30 லேசர்த் துடிப்புகளைச் செவ்வாய்ப் பாறையொன்றின்மீது செலுத்தியது. ஏழு மீட்டர்வரை எட்டும் அக்கருவி, நீரின் அடையாளமாகிய ஹைட்ரஜன் செவ்வாய் மண்ணில் இருப்பதையும் காட்டிற்று.

2021-இல் செவ்வாயை அடைந்த பெர்சிவரன்ஸ் ஊர்தியில் ராமன் விளைவைப் பயன்படுத்தும் லேசர்க் கருவியும் உண்டு. 1928-இல் அவ்விளைவைக் கண்ட சர் சி. வி. ராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 2023-இல் இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் பிரக்யான் ஊர்தி லேசர் கொண்டு கந்தகத்தைக் கண்டறிந்தது. அத்துருவத்தில் கதிரொளி என்றும் புகாத பள்ளங்களில் உறைபனி உண்டென்பர். பிரக்யான் அவற்றுள் செல்லவில்லை. அது வருங்காலத் தலைமுறையின் பணி.

ஆசிரியப் பெருமக்களே! "இது உன்னால் முடியாது" என்று மாணவனிடம் சொல்ல நா எழும்போதெல்லாம் கோம்டின் தீர்ப்பை நினைவுகொள்வோம். பேரறிஞரின் "முடியாது" என்னும் சொல்லே 24 ஆண்டுகளில் பொய்த்ததெனின், நம் சொல் எம்மாத்திரம்?