குருத்தணுக்களால் மூட்டுக் குருத்தெலும்பைச் சீரமைத்தல்

குருத்தணுக்களால் மூட்டுக் குருத்தெலும்பைச் சீரமைத்தல் என்பது, காயத்தாலோ தேய்மானத்தாலோ பழுதடைந்த மூட்டுக் குருத்தெலும்பை, எலும்பு மச்சை முதலிய இழையங்களிலிருந்து பெறப்படும் குருத்தணுக்களைக் கொண்டு செப்பனிட முயலும் மருத்துவ முறையாகும். குருத்தணு, பேச்சு வழக்கில் ஸ்டெம் செல் எனப்படுகிறது. (குருத்தணு, குருத்தெலும்பு ஆகிய இரு பெயர்களிலும் 'குருத்து' வருவது தமிழில் நேர்ந்த ஒற்றுமையே, இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.) இவ்வகை மருந்தொன்று முழங்கால் மூட்டுத் தேய்வுக்காக 2022 இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. எனினும், அதனால் வலி குறைவதற்குச் சான்று உள்ளதேயன்றி, இழந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்கிறது என்பது நிறுவப்படவில்லை.

குருத்தெலும்பு ஏன் தானாக ஆறுவதில்லை?

மூட்டில் எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. இதில் இரத்தக் குழாய்களோ நரம்புகளோ இல்லை. மூட்டினுள் உள்ள பாய்மத்திலிருந்து ஊறிவரும் ஊட்டமே இதற்கு உணவு. இதன் எடையில் பெரும்பகுதி நீர். எஞ்சியது பெரும்பாலும் இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளும், நீரைப் பிடித்து வைக்கும் புரதச் சேர்மங்களும் ஆகும். இவற்றை உருவாக்கும் குருத்தெலும்பு உயிரணுக்கள் மிகச் சிலவே. அவையும் தத்தம் குழிக்குள் அடைபட்டிருப்பதால் காயமுற்ற இடத்துக்கு நகர இயலாது. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் 1743 இலேயே எழுதியுள்ளார்.

முன்னோடி முறைகள்

பழுதுற்ற இடத்தில் அடியெலும்பில் நுண்துளைகள் இட்டு, மச்சையிலுள்ள இரத்தத்தைக் கசியவிடும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980களில் பரவச் செய்தார். கசியும் இரத்தத்துடன் குருத்தணுக்களும் வருவதால், இதையும் ஒரு வகையில் குருத்தணு மருத்துவம் எனலாம். ஆனால் அங்கு உருவாவது முதலாம் வகைக் கொலாஜன் மிகுந்த நார்க் குருத்தெலும்பு. அது நாளடைவில் தேய்ந்துவிடும்.

1994 இல் சுவீடனைச் சேர்ந்த மருத்துவர்கள், நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு உயிரணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் மூட்டில் வைத்த முடிவுகளை வெளியிட்டனர். 23 பேரில், தொடையெலும்பு முனையில் சிகிச்சை பெற்ற 16 பேருள் 14 பேருக்கு நல்ல பலன் கிட்டியது. முழங்காற் சில்லில் பெற்ற 7 பேருள் இருவருக்கே அவ்வாறு அமைந்தது. இம்முறைக்கு இரண்டு அறுவைகள் தேவை. இதில் பயன்படுபவை முதிர்ந்த உயிரணுக்கள், குருத்தணுக்கள் அல்ல. விளம்பரங்களில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

குருத்தணுக்களின் பங்கு

எலும்பு மச்சையில் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறவல்ல உயிரணுக்கள் உள்ளன. இவற்றுக்கு அமெரிக்க அறிவியலாளர் ஆர்னால்ட் கேப்லன் 1991 இல் வழங்கிய பெயரே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஆய்வகத்தில் தகுந்த வளர்ச்சிக் காரணிகளைச் சேர்த்தால் இவை குருத்தெலும்பை உருவாக்குகின்றன. ஆனால் அத்துடன் நில்லாமல் பருத்து, எலும்பாகும் பாதையில் சென்றுவிடுவது பெரிய இடர்ப்பாடாக உள்ளது. மேலும், மூட்டில் ஊசி வழியே செலுத்தப்படும் அணுக்கள் அங்கு நெடுநாள் தங்குவதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிப்பதாலேயே பயன் விளைகிறது என்னும் கருத்து வலுப்பெற்றது. கேப்லனே பிற்காலத்தில் 'ஸ்டெம் செல்' என்னும் பெயரைக் கைவிட வேண்டும் என வாதிட்டது குறிப்பிடத்தக்கது.

தென்கொரியாவில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து உருவாக்கப்பட்ட கார்ட்டிஸ்டெம் 2012 இல் ஒப்புதல் பெற்றது. இது ஊசியாகச் செலுத்தப்படுவதன்று. அறுவையின்போது பழுதுற்ற குழியிலேயே வைக்கப்படுவதாகும்.

இந்தியாவில்

பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், நலமுள்ள பலரின் எலும்பு மச்சையிலிருந்து பெற்ற அணுக்களைக் கலந்து வளர்த்து ஸ்டெம்பியூசெல் என்னும் மருந்தை உருவாக்கியது. இதன் மூன்றாம் கட்ட ஆய்வில் தேய்வின் இரண்டாம், மூன்றாம் படிநிலைகளில் இருந்த 146 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு 2.5 கோடி அணுக்களும், மற்றவர்களுக்கு மருந்தற்ற ஊசியும் செலுத்தப்பட்டன. இரு பிரிவினருக்கும் ஹயலுரானிக் அமிலமும் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் அணுக்களைப் பெற்றோருக்கு வலியும் விறைப்பும் கூடுதலாகக் குறைந்திருந்தன. காந்த ஒத்ததிர்வுப் படங்களில் அவர்களது குருத்தெலும்பின் தரம் மோசமடையவில்லை, மற்றவர்களுக்கு மோசமடைந்தது. ஆனால் குருத்தெலும்பின் கன அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

2023 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறு முடிவைத் தந்தது. மூவகை அணுச் சிகிச்சைகளை வழக்கமான ஸ்டீராய்டு ஊசியுடன் ஒப்பிட்டபோது, ஓராண்டில் எதுவும் அதைவிட மேம்பட்டதாக இல்லை.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மச்சை அணுக்களுக்கு மாற்றாக, குருத்தெலும்பிலேயே உறைந்துள்ள முன்னோடி அணுக்கள் ஆராயப்பட்டு வருகின்றன. இவை எலும்பாக மாறும் போக்குக் குறைந்தவை.

யாருக்குப் பொருந்தும்?

விளையாட்டில் அடிபட்ட இளைஞரின் குருத்தெலும்பில் விழும் சிறு குழியும், முதுமையில் மூட்டு முழுவதும் பரவும் தேய்வும் வெவ்வேறு நோய்கள். குழியை அணுக்களால் நிரப்பலாம்; சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு தாங்கி நிற்கும். தேய்வில் அத்தகைய விளிம்பே இல்லை. எலும்பும் மூட்டுச் சவ்வும் சேர்ந்தே கெடுகின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் குழித்தறியில் அமர்ந்து காலால் மிதித்து நெய்யும் முதிய நெசவாளர் ஒருவருக்கு முழங்கால் நான்காம் படிநிலை வரை தேய்ந்திருப்பின், மேற்கூறிய ஆய்வின் முடிவு அவருக்குப் பொருந்தாது. அந்நிலையில் மூட்டு மாற்று அறுவையே நிலைபெற்ற சிகிச்சை.

சட்ட நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒப்புதல் பெறாத குருத்தணுச் சிகிச்சையை முறையான ஆய்வுக்கு வெளியே வழங்கலாகாது என்கின்றன. 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளின்படி குருத்தணு மருந்துகள் புதிய மருந்துகளாகவே கருதப்படும். எனினும் இடுப்பெலும்பிலிருந்து மச்சையை எடுத்து, அன்றே செறிவூட்டி முழங்காலில் செலுத்துவதும் 'ஸ்டெம் செல் ஊசி' என்றே விற்கப்படுகிறது. அம்மச்சையின் உயிரணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று கூட இவ்வகைக் குருத்தணுவாக இருப்பது அரிது. ஆகவே செலுத்தப்படுவது ஒப்புதல் பெற்ற மருந்தா, சொந்த மச்சையா என்பதையும், ஆய்வெனில் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ளதா என்பதையும் நோயாளி முன்னரே கேட்டறியலாம். பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. ஆய்வில் பங்கேற்பவரிடம் ஆய்வு மருந்துக்குக் கட்டணம் கேட்கப்பட்டால், அது ஐயத்துக்குரியது.