போஸ்ட்கிரெஸ் சேமிப்பு வடிவ மேம்பாடு

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய பதிப்பு வட்டில் எழுதிவைத்த தரவைப் புதிய பதிப்பு ஏற்குமாறு கொண்டுசேர்க்கும் செயல்முறை. சிறு பதிப்புகள் சேமிப்பு வடிவத்தைத் தொடுவதில்லை. மென்பொருளை மாற்றிவிட்டு சர்வரை மீண்டும் இயக்கினால் போதும். பெரும்பதிப்பு மாறும்போது, தரவுக் கோப்பகத்திலுள்ள பதிப்பு எண் பொருந்தாவிட்டால் சர்வர் இயங்க மறுக்கும்.

தொடக்கக் காலம்

நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. பழைய தரவு முழுவதையும் பிஜி டம்ப் கருவியால் வெளியே எழுதி, புதிய தரவுத்தளத்தில் மறுபடி ஏற்றுவார்கள். சேமிப்பு வடிவம் எப்படி மாறினாலும் இம்முறை செல்லும். ஆனால் தரவு பெருகப் பெருக நேரமும் பெருகும். இன்டெக்ஸ்களையெல்லாம் புதிதாகக் கட்டவேண்டும். 1998-இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களுள் ஒருவரான புரூஸ் மோம்ஜியன் ஷெல் நிரலாக ஒரு குறுக்குவழி எழுதினார், அது நிலைக்கவில்லை. அட்டவணைகளைத் தாங்கும் 8 கிலோபைட் பக்கத்தின் அமைப்பு 7.3, 8.0, 8.1, 8.3 பதிப்புகளில் மாறிக்கொண்டே வந்தது.

திருப்புமுனை

2008-இல் வந்த 8.3, வரிசையின் தலைப்பகுதியை 27 பைட்டிலிருந்து 23 பைட்டாகச் சுருக்கியது. அதன் பக்க அமைப்பின் பதிப்பு எண் 4. அதன்பின் ஒவ்வொரு பெரும்பதிப்பிலும் மாறியவை பெரும்பாலும் அமைப்பு அட்டவணைகளே. பயனரின் தரவுப் பக்கங்கள் அல்ல. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி 2009-இல் பிஜி மைக்ரேட்டர் வெளிவந்தது. 2010-இல் 9.0 பதிப்போடு பிஜி அப்கிரேட் என்ற பெயரில் துணைக் கருவியாகச் சேர்ந்தது, 9.5-இல் முதன்மைக் கருவிகளுள் ஒன்றானது.

செயல்படும் முறை

பிஜி அப்கிரேட்டில் அட்டவணைகளின் வரையறை மட்டும் டம்ப் வழியே புதிய தரவுத்தளத்துக்குச் செல்லும். தரவுக் கோப்புகள் உள்ளபடியே நகலெடுக்கப்படும். அல்லது ஹார்டு லிங்க் மூலம் இணைக்கப்படும். லிங்க் முறை மிக வேகமானது. ஆனால் புதிய சர்வர் ஒருமுறை இயங்கிவிட்டால் பழையதைப் பாதுகாப்பாக இயக்க முடியாது. எனவே காப்புப்பிரதி கட்டாயம்.

அண்மைக் காலம்

10-ஆம் பதிப்பு லாஜிக்கல் ரெப்ளிகேஷனைக் கொண்டுவந்தது. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதற்குத் தரவை அனுப்பி, இடைநிறுத்த நேரத்தைக் குறைக்க இது உதவுகிறது. 12-ஆம் பதிப்பு, கோப்புகளை வேகமாக நகலெடுக்கும் குளோன் முறையைப் பிஜி அப்கிரேட்டில் சேர்த்தது. 2025-இல் வந்த 18, வினவல் திட்டமிடலுக்கான புள்ளிவிவரங்களில் பெரும்பகுதியையும் புதிய சர்வருக்குக் கொண்டுசெல்கிறது. அதில் தரவுச் சிதைவைக் கண்டறியும் செக்சம் இயல்பாகவே இயங்குவதால், செக்சம் இல்லாத பழைய தரவை மேம்படுத்துவோர் புதிய தரவுத்தளத்தை உருவாக்கும்போதே அதை நிறுத்திவைக்க வேண்டும். பக்க அமைப்பின் பதிப்பு எண் 18-ஆம் பதிப்பிலும் 4-ஆகவே உள்ளது.