இடுப்புப் பட்டியிலிருந்து லேசர் வரை: மாதவிடாய் நின்ற பெண்களும் இயந்திரங்களும்

2018ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிற யோனி வறட்சி, உடலுறவின்போது வலி, பாலியல் உணர்வுக் குறைவு எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று சொல்லி லேசர் கருவிகளும் வேறு வெப்பக் கருவிகளும் விற்கப்படுகின்றன, ஆனால் அவை இதற்குப் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ நிரூபிக்கப்படவில்லை. இதுதான் எச்சரிக்கையின் சாரம். எரிகாயம், தழும்பு, உடலுறவின்போது வலி, மாறாத வலி எல்லாம் பாதிப்புகளாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. ஏழு நிறுவனங்களுக்குக் கடிதமும் போனது.

அப்ப அந்தக் கருவிகள் எப்படிச் சந்தைக்கு வந்தன? திருட்டுத்தனமாக வரவில்லை. கருப்பைக் கழுத்திலோ யோனியிலோ உள்ள புற்றுநோய்க்கு முந்திய திசுக்களையும் பாலுண்ணிகளையும் அழிக்கத்தான் அவற்றுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஒரு வேலைக்கு அனுமதி வாங்கி, இன்னொரு வேலைக்கு விளம்பரம் செய்தார்கள். வாங்குகிறவர்கள் ஐம்பது வயதை அண்டிய பெண்கள். வெட்கத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடக் கேட்டுப் பார்க்க முடியாத விஷயம்.

இது 2018இல் தொடங்கின கதை இல்லை. கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்பம்.

மெனோபோஸ் என்ற சொல்லே அவ்வளவு பழையதில்லை. பிரெஞ்சு வைத்தியர் கார்தான் 1821இல் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுவரை அது பெண்ணின் 'ஆபத்தான வயது' என்றுதான் பேசப்பட்டது. அவருடைய புத்தகத்தின் தலைப்பிலும் அந்தப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. வாழ்க்கையின் ஒரு கட்டம் வைத்திய நூலுக்குள் நுழைந்துவிட்டால் அதற்குச் சிகிச்சை தேடுவார்கள். சிகிச்சை தேடினால் கருவியும் வரும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மின்சாரம் புதினமான பொருள். லண்டன் ஒக்ஸ்போட் வீதியில் ஹார்னெஸ் என்பவருடைய நிறுவனம் 'மின்' இடுப்புப் பட்டிகளை விற்றது. நரம்புத் தளர்ச்சி, சோர்வு, 'பெண்களுக்கே உரிய நோய்கள்' எல்லாம் மாறும் என்று பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரங்கள். 1890களில் பத்திரிகையொன்று அதைத் தோண்டத் தொடங்கியதும் வியாபாரம் சரிந்தது. அதே காலத்தில் டொக்டர் ஸ்கொட் என்ற பெயரில் 'மின்சார' மார்க்கச்சையும் வந்தது. அதற்குள் மின்சாரமே இல்லை, காந்தமாக்கிய உருக்குத்தான் இருந்தது. பெயரில் மட்டும்தான் மின்சாரம்.

சிரிப்பு வருகிறதுதானே? ஆனால் வாங்கின பெண்ணின் பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்கோ. நித்திரை இல்லை, உடம்பு திடீர் திடீரெனக் கொதிக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. ஆண் வைத்தியரிடம் போய்ச் சொல்ல வாய் வராது. விளம்பரத்தில் வருகிற பட்டியை வாங்கிக் கட்ட யாரிடமும் வாய் திறக்கத் தேவையில்லை. அவளுடைய வெட்கம்தான் அந்த வியாபாரத்தின் மூலதனம்.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான கதையையும் சொல்லவேணும். விக்டோரியா காலத்து வைத்தியர்கள் 'ஹிஸ்டீரியா' வந்த பெண்களுக்குக் கையால் சிகிச்சை செய்து களைத்துப்போய் அதிர்வுக் கருவியைக் கண்டுபிடித்தார்கள் என்பது அந்தக் கதை. 1999இல் ரேச்சல் மெயின்ஸ் எழுதிய புத்தகம் மூலம் பரவியது. படம்கூட எடுத்தார்கள். ஆனால் 2018இல் ஹாலி லீபர்மனும் எரிக் ஷாட்ஸ்பேர்க்கும் அந்தப் புத்தகம் காட்டின ஆதாரங்களைத் திரும்பப் போய்ப் படித்துவிட்டு, அவை அந்த முடிவைத் தாங்கவில்லை என்று காட்டினார்கள். மின் அதிர்வுக் கருவியை உருவாக்கிய ஆங்கில வைத்தியர் கிரான்வில் 1883இல் எழுதிய நூலில், தன் கருவியைப் பெண்களுக்குப் பயன்படுத்துவதைத் தான் தவிர்த்துவந்ததாகவே சொல்கிறார். 'ஹிஸ்டீரியா' தன்னை ஏமாற்றிவிடும் என்பது அவருடைய பயம். அதாவது உண்மையான பதிவில் இருப்பது பெண்ணின் இன்பத்துக்கு உதவின வைத்தியர் இல்லை, பெண் சொல்வதை நம்பாத வைத்தியர். கதை நல்லாயிருக்கு எண்டதுக்காக அது வரலாறாகிவிடாது.

20ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கின. அதோடு ஆபத்தும் கூடியது. எக்ஸ்-கதிர் வந்து சில வருடங்களிலேயே, அதிக இரத்தப்போக்கை நிறுத்தச் சூலகங்களுக்குக் கதிர் பாய்ச்சினார்கள். இரத்தப்போக்கு நின்றது, கூடவே மாதவிடாயும் நின்றது. இயந்திரமே மாதவிடாய் நிறுத்தத்தை உண்டாக்கியது. 1920களில் மறுபக்கமும் நடந்தது: மாதவிடாய் நின்ற பெண்களின் உடற் கொதிப்பைக் குறைக்கவென்று மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பிக்குக் கதிர் பாய்ச்சிப் பார்த்தார்கள். கதிரின் நீண்டகாலத் தீங்கு சரியாக விளங்காத காலம் அது.

மனநிலைக்கு வருவோம். ஜேர்மன் மனநல வைத்தியர் கிரெப்பலின் 1896இல் நடுவயதில் வரும் கடும் மனச்சோர்வைத் தனி நோயாக வகுத்தார். பின்னர் அவரே அந்தப் பிரிப்பைக் கைவிட்டார். ஆனால் பெயர் போகவில்லை. மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்ணின் நோய் என்ற முத்திரையோடு அது அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையை முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கொடுத்தார்கள். அது மனச்சிதைவுக்காக வந்தது. ஆனால் கடும் மனச்சோர்வுக்குத்தான் நல்ல பலன் தருகிறது என்று விரைவில் தெரிந்தது. 1940களில் இந்த வயதுப் பெண்கள் பலர் அந்தக் கட்டிலில் படுத்தார்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் வலிப்பு வந்தபோது எலும்புகள் முறிந்த சம்பவங்களும் உண்டு.

இதில் நியாயமாக ஒன்றைச் சொல்லவேணும். மின்னதிர்ச்சிச் சிகிச்சை போலி இல்லை. இன்றைக்கும் மயக்க மருந்தோடு, வேறு வழி பலிக்காத கடும் மனச்சோர்வுக்குக் கொடுக்கிறார்கள். உயிர்களையும் காப்பாற்றுகிறது. பிழை கருவியில் இல்லை, அந்த நோய்ப்பெயரில் இருந்தது. 1979இல் மேர்னா வைஸ்மன், மாதவிடாய் நிற்கும் வயதில் வருகிற மனச்சோர்வுக்கு மற்ற வயதுகளில் வருவதிலிருந்து வேறான தனி வடிவம் எதுவும் இல்லை என்று காட்டினார். 1980இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு அந்தப் பெயரைக் கைவிட்டது.

ஆனால் பெயர் போனதும் பெண்ணின் துன்பமும் போய்விட்டதா? இல்லை. 1996இல் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களோடு தொடங்கி வருடக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வு, மாதவிடாய் நிற்கப்போகும் அந்த மாற்றக் காலத்தில் மனச்சோர்வு கூடுவதைக் காட்டியது. முதலில் எல்லாப் பெண்ணையும் நோயாளி ஆக்கினோம், பிறகு ஒன்றுமில்லை என்றோம். இரண்டிலும் அவளிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

லேசர் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 2002 யூலையில் அமெரிக்காவில் ஹோர்மோன் மாத்திரைகள் பற்றிய பெரிய ஆய்வின் ஒரு பகுதி இடைநடுவில் நிறுத்தப்பட்டது. 16,608 பெண்கள் அந்தப் பகுதியில் இருந்தார்கள். மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியது என்ற செய்தி உலகமெங்கும் போனது. ஹோர்மோன் என்ற சொல்லுக்கே பயம் வந்தது. யோனியில் மட்டும் பூசுகிற குறைந்த அளவு ஈஸ்திரஜன் வேறு வகை, வறட்சிக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதுவும் அந்தப் பயத்தில் அடிபட்டது. 'ஹோர்மோன் இல்லாத தீர்வு' என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு வாசல் திறந்தது.

மற்றப் பக்கம், 1998இல் ஆண்களுக்கு வயாகரா வந்ததும் பெண்களுக்கு என்ன என்ற கேள்வியும் எழுந்தது. 2000இல் பெண்ணின் பாலுறுப்புக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டும் சிறிய உறிஞ்சு கருவியொன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வைத்தியரின் துண்டு இருந்தால்தான் வாங்கலாம். பெண்ணின் இன்பத்தை வைத்தியம் முதன்முறையாக மரியாதையோடு பார்த்தது எனலாம். ஆனால் அதுவும் பிரச்சினையை இரத்த ஓட்டமாகத்தான் பார்த்தது. நித்திரையில்லாத இரவு, கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்கிற கணவன், இவைக்கெல்லாம் அந்தக் கருவியில் பொத்தான் இல்லை.

கடைசியில் லேசரைச் சோதித்தது ஒரு எளிய யோசனை. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் ஆய்வாளர்கள் மாதவிடாய் நின்ற பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உண்மையான லேசர். மற்றப் பகுதிக்குப் போலிச் சிகிச்சை, அதாவது அதே கருவி, அதே அறை, ஆனால் திசுவை மாற்றும் சக்தி இல்லை. யாருக்கு எது என்று பெண்களுக்குத் தெரியாது. சேர்ந்த 85 பெண்களில் 78 பேர் பன்னிரண்டு மாதம் முடியும்வரை இருந்தார்கள். 2021இல் முடிவு வெளியானது: இரு பகுதியினருக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இயந்திரம் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. 1985இல் ஷெபீல்டில் அந்தனி பார்க்கரின் குழு உருவாக்கிய காந்தத் தூண்டல் கருவி, போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்ட பிறகு, 2008இல் மருந்து பலிக்காத மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மாதவிடாய் நின்ற பெண்ணுக்கென்று வந்த கருவி இல்லை. ஆனால் அவளுக்கு மனச்சோர்வு வந்தால் அவளுக்கும் உரியது. சோதனையைத் தாண்டி வந்தது, அதுதான் வித்தியாசம்.

எங்கட வீடுகளில் 'நிண்டுபோச்சு' என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிகிறது. அதற்குப் பிறகு அம்மா ஏன் விடியப்புறம் எழும்பி விறாந்தையில் இருக்கிறா, ஏன் சும்மா எரிஞ்சு விழுறா எண்டு யாரும் கேட்கிறதில்லை. இடுப்புப் பட்டி விற்றவனும் லேசர் விற்றவனும் வந்து நின்றது இப்படியான மௌனத்துக்குள்ளதான். ஆகவே முதலில் அம்மாவிடம் கேளுங்கோ, பிறகு நல்ல வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க யாராவது விலை கூடின இயந்திரமொன்றைக் காட்டினால், ஒரு கேள்வி கேட்க வெட்கப்படாதேங்கோ: இதைப் போலிச் சிகிச்சையோட ஒப்பிட்டுப் பார்த்தவையோ?