துவக்கு யார் கையில்? அம்பாறைக் கரையோரத்தில் ஆயுத உரிமத்தின் அரசியல்

இலங்கையில் பொதுமகன் ஒருவர் துவக்கு வைத்திருப்பதற்கான நிபந்தனைகளை இன்றும் வரையறுப்பது, பிரித்தானியர் காலச் சட்டநிரூபண சபை இயற்றிய 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அனுமதிப்பத்திரத்தின் பேரில், அரசு தரும் சலுகையாக மட்டுமே துவக்கு கிடைக்கும் என்பதே இச்சட்டத்தின் அடித்தளம். புரட்டஸ்தாந்துக் குடிமக்கள் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருப்பதை 1689இன் உரிமைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்ட அதே பிரித்தானியா, தன் குடியேற்ற நாடுகளில் அதை உரிமையாகக் கருதவில்லை. இந்தியாவில் 1878இன் ஆயுதச் சட்டம் இதற்கு முன்னோடியாக அமைந்தது. அந்தச் சட்டத்தைத் தேசிய அவமானமாகக் கண்ட இந்திய தேசிய காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையை 1931இன் கராச்சித் தீர்மானத்தில் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட அரசியலமைப்பில் அந்த உரிமைக்கு இடம் கிடைக்கவில்லை. ஆட்சிக்கு வெளியே நிற்கும்போது கேட்பதை ஆட்சிக்கு வந்தபின் கொடுக்கத் தயங்கும் இந்த வழக்கம், கட்சி வேறுபாடின்றிப் பின்னரும் தொடர்ந்திருக்கிறது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வழியாக அறுகம்பே வரை நீளும் கரையோரத்தில் துவக்கு முதலில் வேளாண்மையோடு சேர்ந்த பொருளாகவே இருந்தது. கடலோர ஊர்களில் வீடும் மேற்கே வட்டைகளில் வயலுமாக வாழ்ந்த முஸ்லிம், தமிழ் விவசாயிகள், கதிர் முற்றும் காலத்தில் வாடியில் தங்கிக் காவல் காத்தனர். வட்டை என்பது பல வயல்கள் சேர்ந்த நெற்காணிப் பரப்பையும், வாடி என்பது அங்கே அமைக்கும் தற்காலிகக் குடிலையும் குறிக்கும். லகுகல, பாணமைக் காடுகளிலிருந்து யானையும் பன்றியும் இறங்கும் நிலத்தில் பயிர்க் காவலுக்குத் துவக்கு தேவை என்பதை எந்த அரசும் மறுக்கவில்லை. பன்றி இறைச்சி விலக்கப்பட்ட முஸ்லிம் விவசாயிக்கு அந்த வெடியால் கிடைத்தது பயிர் மட்டுமே என்பதையும் இங்கே குறிக்கலாம். ஆனால் பயிருக்கான அனுமதிப்பத்திரம் காணியைக் காட்டிப் பெறுவது. ஆகவே போடியார் எனப்படும் பெருநிலக்காரருக்கு அது எளிதாயிற்று. மற்றவர்களிடம் புழங்கியவை, குழாயின் வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு இடித்து நிரப்பும் இடியன் துவக்கும், கட்டுத்துவக்குமே. கட்டுத்துவக்கைச் சுட ஆள் தேவையில்லை: விலங்கின் உயரத்துக்கு ஏற்பக் குழாயைக் கட்டையில் பிணைத்து, தடத்தின் குறுக்கே கம்பியொன்றை இழுத்துக் கட்டிவிட்டால், அதில் இடறும் கால் எதுவாயினும், அது மனிதக் காலாயினும், வெடி தீரும்.

இடதுசாரிச் சிந்தனையில் துவக்கின் இடம் வேறு. தொழிலாளர் ஆயுதங்களைக் கையளிக்கக் கூடாது என்று மார்க்சும் ஏங்கல்சும் 1850இல் எழுதிய சுற்றறிக்கையின் மரபில் வந்த மக்கள் விடுதலை முன்னணி, 1971 ஏப்ரல் 5 அன்று வேட்டைத் துவக்குகளுடனும் கைக்குண்டுகளுடனும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியது; 1987 முதல் 1989 வரையான இரண்டாம் கிளர்ச்சியில், தென்னிலங்கையின் கிராம வீடுகளில் இருந்த துவக்குகளையே அது திரட்டிக்கொண்டது. இவ்வாறு, பயிர்க் காவலுக்கென அரசு அனுமதித்த ஆயுதம் அரசுக்கு எதிரான ஆயுதமாயிற்று.

கிழக்கில் இக்கேள்வி இனத்தோடு பின்னிக்கொண்டது. தமிழ்த் தேசிய இயக்கங்கள் ஆயுதத்தை விடுதலையின் கருவியாகக் கண்டன. அவற்றுள் விடுதலைப் புலிகள், தமிழர் சார்பில் ஆயுதம் தாங்கும் உரிமை தமக்கு மட்டுமே உரியது என்று கொண்டு ஏனைய இயக்கங்களை அழித்தனர். அரசோ 1985இன் தமிழ்–முஸ்லிம் மோதல்களுக்குப் பின், முஸ்லிம் ஊர்களிலும் சிங்களக் குடியேற்றங்களிலும் ஊர்காவல் படையினருக்குத் துவக்குகளை வழங்கியது. எல்லாத் தரப்பிலும் ஆயுதம் இவ்வாறு பரவியதன் கொடிய பலன் 1990இல் தெரிந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசின் பணிப்பின்பேரில் சரணடைந்த கல்முனை உள்ளிட்ட கிழக்குப் பொலிஸ் நிலையங்களின் நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றனர். ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 12 அன்று சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்காவலர் பங்கேற்றதாகத் தமிழர் தரப்புச் சாட்சியங்கள் கூறுகின்றன. ஓர் ஊருக்குக் காவலாகக் கொடுக்கப்பட்ட துவக்கு அடுத்த ஊருக்கு அச்சமாவதை அனுமதிப்பத்திரச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை.

இச்சூழலில் எம்.எச்.எம். அஷ்ரப் தலைமையேற்ற ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ், முஸ்லிம் இளைஞரின் கோபத்தை வாக்குச்சீட்டின் பக்கம் திருப்பியது. தனி ஆயுத இயக்கம் வேண்டாம், ஆனால் அரசின் பாதுகாப்பு வேண்டும் என்ற அந்த நிலைப்பாடு நடைமுறையில் ஊர்காவலரின் துவக்கையே நம்பியிருந்தது. 1987இன் இந்திய–இலங்கை ஒப்பந்தம் ஊர்காவல் படையைக் கலைக்கவும், இயக்கங்கள் 72 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்கவும் வகை செய்தது. இரண்டும் முழுமையாக நடக்கவில்லை. 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கை தமிழ்த் துணைப்படைகளின் ஆயுதங்களைக் களையச் சொன்னது. அரசுக்கும் புலிகளுக்கும் இடையே எழுதப்பட்ட அதில் முஸ்லிம்கள் ஒரு தரப்பாகவே இல்லை. 2006 செப்ரெம்பரில் பொத்துவிலுக்கு அருகே 10 முஸ்லிம் தொழிலாளர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அரசு புலிகளைக் குற்றஞ்சாட்ட, ஊர்மக்களோ தம்மைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த விசேட அதிரடிப்படையை அகற்றுமாறு கோரினர். அவ்வாண்டிலேயே ஊர்காவல் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டது.

முஸ்லிம் தீவிரவாதிகள் நடத்திய 2019 ஏப்ரல் 21இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் அரசின் பார்வை முஸ்லிம் வீடுகளின் மீது திரும்பியது. ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டைப் பற்றிய தகவல் வெளிப்பட்டது ஊர்மக்களின் விழிப்பினாலேயே என்றாலும், மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் கூரிய கத்திகளையும் பொலிஸில் ஒப்படைக்குமாறு நாடெங்கும் அறிவிக்கப்பட்டது.

2024இல் ஆட்சிக்கு வந்தது, 1971இல் துவக்கேந்திய அதே மக்கள் விடுதலை முன்னணி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி. தற்பாதுகாப்புக்கென முன்னைய ஆட்சிகள் வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக நவம்பர் 7க்கு முன் கையளிக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. பின்னர் அக்கெடு 2025 சனவரி 20 வரை நீட்டிக்கப்பட்டது. செல்வாக்குள்ளோர் இடுப்பில் செருகியிருந்த கைத்துப்பாக்கி இவ்வாறு திரும்பப் பெறப்பட்ட அதே மாதங்களில், இஸ்ரேலியப் பயணிகள் கூடும் அறுகம்பேக்குத் தாக்குதல் அச்சுறுத்தல் இருப்பதாக அமெரிக்கத் தூதரகம் 2024 ஒக்டோபர் 23 அன்று எச்சரித்ததையடுத்து, அக்கடற்கரை வீதியில் அரசின் துவக்குகள் பெருகின. பயிர்க் காவல் துவக்குக்கான விண்ணப்பமோ, கிராம உத்தியோகத்தரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும் பொலிஸுக்கும் கொழும்புக்கும் செல்லும் நீண்ட வழியிலேயே இன்னும் செல்கிறது. காட்டோரத்தில் கட்டுத்துவக்குக்கு எவரும் விண்ணப்பிப்பதில்லை.